மூன்றாம் ஓலை

சவேரியார்பட்டிக் கோயிலில் கல்யாணம் என்றால் அதற்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்க வேண்டும். ஓலை என்று பெயர்தானே தவிர, காகிதம்தான். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் மெய்விவாகம் நடக்க இருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லக் கடவார்கள் என்று பூசை நடுவில் சாமியார் வாசிப்பார். மூன்று வாரமும் யாரும் வாய் திறக்காவிட்டால் தாலி கட்டலாம். ஊர் உண்டாகி நாற்பது வருஷத்தில் ஒருத்தரும் வாய் திறந்ததில்லை. யார் யாரைக் கட்டலாம், யாரைக் கட்டக்கூடாது என்பது பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. பிரான்ஸ் தேசத்துச் சாமியார் பாவம், தெரியாமல் கேட்கிறார், கேட்டுவிட்டுப் போகட்டும் என்று ஊர் சும்மா இருந்தது.

சாமியாரிடம் இருந்த கணக்கு வேறு. மாமன் மகள், அத்தை மகள், சித்தப்பன் மகள் எல்லாம் அவருக்கு ஒன்றுதான். இரண்டு பேருக்கும் பொதுவான மூத்தவர் யார் என்று பார்ப்பார். அவரிடமிருந்து தலைமுறைக்கு ஒரு படியாக இறங்கி எண்ணுவார். மூன்று படிக்குள் வந்துவிட்டால் திருச்சினாப்பள்ளியில் பிஷப்பாக இருக்கிற மேற்றிராணியாரிடம் உத்தரவு வாங்கியாக வேண்டும். உத்தரவு கேட்கிற கடிதத்தோடு வம்சக்கொடி ஒன்று எழுதி, பெயருக்கு நேரே பிறந்த வருஷமும் ஞானஸ்நானத் தேதியும் போட்டு அனுப்ப வேண்டும். அத்தை மகனைக் கட்ட மேற்றிராணியார் எதற்கு உத்தரவு தர வேண்டும் என்று யாருக்கும் விளங்கவில்லை. கேட்டால் கொடுத்துவிடுகிறார், நல்ல மனுஷர் என்று விட்டுவிட்டார்கள்.

இந்த எழுத்து வேலையெல்லாம் உபதேசியார் இருதயத்தின் தலையில் விழும். விடிகாலை மணி அடிப்பது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பது, சாவு வீட்டில் செபம் சொல்வது, நடுவே தன்னுடைய இரண்டு ஏக்கர் நஞ்சையைப் பார்ப்பது, இதுதான் அவருடைய பாடு. கோயில் புத்தகத்தில் லத்தீனில் எழுதியிருக்கும் பெயர்களையும் தேதிகளையும் எழுத்துக் கூட்டி எடுத்துவிடுவார். ஊரில் வேறு யாருக்கும் அது வராது என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. எட்டு வீட்டுக்கு வம்சக்கொடி எழுதியவர் அவர். முப்பத்தாறாம் வருஷத்து ஐப்பசியில் ஒன்பதாவதாக எழுத வேண்டி வந்தது சொந்த மகளுக்கு.

மகள் ஞானசெல்விக்குப் பத்தொன்பது நடந்தது. மாப்பிள்ளை ஞானதுரை, ஆற்றுக்கு அக்கரையில் வாக்கப்பட்ட பாக்கியத்தின் மகன். பாக்கியம் இருதயத்துக்குக் கூடப் பிறந்தவள் இல்லை, சித்தப்பா ராயப்பனுடைய மகள். ஆனால் ஒரே வீட்டில், ஒரே உலையில் வளர்ந்தார்கள். அவருக்கும் வேறு தங்கை கிடையாது, அவளுக்கும் வேறு அண்ணன் கிடையாது. அவள் கல்யாணத்தில் அண்ணன் செய்ய வேண்டியதெல்லாம் அவர்தான் செய்தார். துரைக்குக் காது குத்தும்போது தாய்மாமனாக மடியில் வைத்துக்கொண்டதும் அவர்தான். பையன் வீறிட்டு அழுது மாமன் வேட்டியை நனைத்துவிட்டான். இந்த ஈரத்துக்கு ஒரு பொண்ணைக் குடுத்துத்தான் தீரணும் என்று பாக்கியம் அன்றைக்கே சொல்லிவைத்தாள். அப்போது செல்வி பிறக்கவே இல்லை.

முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை மழை இல்லை. மூன்றாம் படி உறவு என்றும் ஓலையில் சேர்த்து வாசித்த சாமியார், பூசை முடிந்து இருதயத்தைக் கூப்பிட்டார்.

"உபதேசியாரே, உமது மகளுக்கு மூன்றாம் படி உறவு. வெள்ளிக்கிழமைக்குள் கொடி எழுதித் தாரும். தபால் போய்த் திரும்ப வேண்டும். ஆகமன காலம் பிறந்துவிட்டால் கிறிஸ்துமஸ் கழியும்வரை கல்யாணம் கிடையாது என்பது உமக்குத் தெரியுமே."

"தெரியும் சாமி. எங்கூட்டுக் கொடி, ராத்திரிக்குள்ள எழுதிரலாம்."

எழுத என்ன இருக்கிறது. மூத்தவர் தாத்தா மிக்கேல். அவருக்குப் பிள்ளைகள் சந்தியாகு, ராயப்பன். சந்தியாகு மகன் இருதயம், ராயப்பன் மகள் பாக்கியம். அதற்குக் கீழே செல்வியும் துரையும். ராயப்பன் பிறந்த வருஷம் மட்டும் தெரியவில்லை. மிக்கேல் குடும்பம் ஆண்டிபட்டிக்குக் கிழக்கே வானம் பார்த்த காட்டில் இருந்தது. பெரியாற்றுத் தண்ணீர் வந்தபிறகுதான் இங்கே வந்து குடியேறினார்கள். ஊரில் இருந்த அத்தனை பேரும் அப்படி ஒவ்வொரு பக்கமிருந்து வந்தவர்கள்தான். ஒருத்தர் பழங்கதை ஒருத்தருக்குத் தெரியாது.

சித்தப்பாவின் தகரப் பெட்டி பாக்கியத்திடம் இருந்தது. அதில் ஏதாவது கிடைக்கும் என்று செவ்வாய்க்கிழமை ஆற்றைக் கடந்து போனார். முழங்கால் தண்ணீர், செங்கல் நிறத்தில் ஓடியது. மேற்கே மலையில் மழை பிடித்துவிட்டது என்று தெரிந்தது. வயலில் கதிர் தலை சாய்ந்து நிற்கிறது, இந்த வாரம் அறுத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கரையேறினார்.

பாக்கியம் வாசலில் அயிரை மீனைக் கல்லுப்புப் போட்டு மண்சட்டியில் உரசிக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணே. அங்கனயே கால் கழுவிட்டு வாங்க, சேறா வச்சிராதீக. சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கைய வீசிட்டா வருவாக?"

"நான் சம்பந்தியா வரல ஆத்தா. எந்தங்கச்சி வீட்டுக்கு வந்தேன்."

"தங்கச்சி வீட்டுக்கும் வெறுங்கையாத்தான் வருவீக. போன திருநாளைக்கு ஒரு சீப்புப் பழம் கொண்டாந்தீக, அதுலயும் பாதி கன்னிப்போச்சு."

"அதையே நாலு மாசமாச் சொல்ற. மச்சான எங்க?"

"கதிரறுப்புக்கு ஆள் சொல்லப் போயிருக்காக. உக்காருங்க, வெயில் தாள ரெண்டு வாய் சாப்பிட்டுப் போகலாம். புதுத்தண்ணி மீனு. காலையிலேயே நெனச்சேன், அண்ணன் வந்தா நல்லாருக்கும்னு."

பெட்டியைக் கேட்டதும் பரணில் இருந்து இறக்கிக் கொடுத்தாள். திறந்தால் ஏலக்காய் வாசம். ராயப்பன் இளவட்டத்தில் மலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். உள்ளே கழுத்தில் கிடந்து கறுத்துப்போன உத்தரியம், மணி உதிர்ந்த செபமாலை, எண்ணெய்த் தாளில் மடித்த ஒரு கடிதம். பாக்கியத்துக்கு எழுத்துத் தெரியாது. அப்பா வைத்த மாதிரியே வைத்திருந்தாள்.

இருதயம் வெளிச்சத்துக்காக நிலைப்படி ஓரம் நகர்ந்து உட்கார்ந்து வாசித்தார்.

"மகன் ராயப்பனுக்கு மிக்கேல் எழுதிவைத்தது. உன் கல்யாண ஓலைக்குப் பெயர் கொடுக்கப் போனேன். ஓலையில் என் மகன் என்று வாசித்தாலும், பெற்றவர்கள் பெயரைத்தான் புத்தகத்தில் எழுதுவேன் என்று சாமியார் ஒரே பிடியாக நிற்கிறார். ஆகையால் இதை நானே உனக்குச் சொல்லும்படி ஆகிவிட்டது. நீ என் தங்கை அருளாயி வயிற்றுப் பிள்ளை. தாது வருஷப் பஞ்சத்தில் அவளும் உன் தகப்பன் அந்தோணியும் எட்டு நாளைக்குள் போய்விட்டார்கள். அப்போது உனக்கு இரண்டு வயசு, நடக்கத் தெம்பில்லாமல் இருந்தாய். இந்த ஊருக்கு வந்தபோது என் இளைய மகன் என்று சொன்னேன். சந்தியாகு அறிவான், அவன் வாய் திறக்க மாட்டான். புத்தகத்தில் என்ன எழுதினாலும் நீ என் மகன். மனசில் ஒன்றும் வருத்தம் வைக்காமல் மலையிலிருந்து இறங்கி வா. கல்யாணத்துக்கு நாள் குறித்தாயிற்று."

இருதயம் இன்னொரு தரம் வாசித்தார். ஆத்துமாக்கள் திருநாளன்று சித்தப்பா கல்லறைத் தோட்டத்தில் தனியே ஒரு மூலையில் இரண்டு மெழுகுவத்தி ஏற்றுவது ஞாபகம் வந்தது. யாருக்குச் சித்தப்பா என்று சிறு வயசில் கேட்டிருக்கிறார். கேட்க ஆளில்லாத ஆத்துமாவுக்குடா என்று சொல்லிவிட்டுக் காற்றுக்குக் கையை மறைத்து நிற்பார்.

அப்புறம்தான் மனசு முறை எண்ணத் தொடங்கியது. அதை நிறுத்த அவரால் முடியவில்லை. ராயப்பன் மிக்கேலின் தங்கை மகன் என்றால் சந்தியாகுவுக்குத் தம்பி இல்லை, மச்சான். அப்பாவுக்கு மச்சான் என்றால் தனக்கு மாமன். மாமன் மகள் எப்படித் தங்கச்சி ஆவாள்? அவள் கட்டிக்கொள்கிற முறை. கட்டிக்கொள்கிற முறையில் உள்ளவள் பெற்ற பிள்ளை தனக்கு மகன் முறை. தனக்கு மகன் என்றால் செல்விக்கு அண்ணன்.

"என்னண்ணே, மூஞ்சி ஒரு தினுசாப் போச்சு? என்ன எழுதிருக்கு?"

"உங்கய்யா பொறந்த வருசம் தெரிஞ்சுபோச்சு ஆத்தா. தாத்தா எழுதுன கடுதாசி. கல்யாணத்துக்கு வரச்சொல்லி எழுதிருக்காக."

"எங்கய்யா கல்யாணத்துக்கா? எம்புட்டு ஆசையா எழுதிருப்பாக. எனக்குக் கேக்கப் படிங்களேன். இத்தன வருசமாப் பெட்டியில கெடக்கு, ஒருத்தர் வாயால கேட்டதில்ல."

அவள் உப்புக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்துவிட்டாள். இருதயம் வாசித்தார். முதல் வரியை வாசித்தார். நடுவில் இருப்பதை விட்டார். "நீ என் மகன். மனசில் ஒன்றும் வருத்தம் வைக்காமல் மலையிலிருந்து இறங்கி வா."

"எதுக்கு வருத்தம் வைக்காமன்னு எழுதிருக்காக?"

"மலையில குளிரு, தனியாக் கெடந்தாகள்ல. அதுக்கு."

"பாவம் எங்கய்யா," என்றாள் பாக்கியம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடிதத்தை வாங்கிப் பழைய மடிப்பிலேயே மடித்து வைத்தாள். சோறு போட்டாள். அயிரைக் குழம்பு அன்றைக்கு எப்படி இருந்தது என்று அவருக்குத் தெரியாது. நல்லாருக்கு ஆத்தா என்று இரண்டு தரம் சொல்லிவைத்தார்.

கோயிலுக்கு வந்து, சாமியார் அறை அலமாரியிலிருந்து முதல் கல்யாணப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். கரையான் அரித்த அட்டை. நாலாவது கல்யாணம் ராயப்பனுடையது. காலஞ்சென்ற அந்தோணி, அருளாயி இவர்களுடைய மகன், மிக்கேலால் வளர்க்கப்பட்டவன். அந்தப் பக்கத்தைத் திறக்க இதுவரை யாருக்கும் தேவை வரவில்லை.

வீட்டில் வாய் விடவில்லை. புதனும் வியாழனும் கதிரறுப்பு. மேகக் கருக்கல் பார்த்துப் பார்த்து அறுத்தார்கள். வியாழன் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. அறுத்த கதிரைக் களத்து மேட்டில் குவித்துப் பனையோலைத் தட்டி போட்டு மூடிவிட்டு வந்தார்கள். சாயந்தரம் இருதயம் காகிதமும் மைக்கூடுமாக உட்கார்ந்தார். முதலில் ஊருக்குத் தெரிந்த கொடியை எழுதினார். மிக்கேல், அவர் கீழே சந்தியாகுவும் ராயப்பனும். பார்க்க லட்சணமாக இருந்தது. அதன் அடியில், சர்வேசுரன் அறிய மெய் என்று எழுதிக் குருசு போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்று பிரம்பை வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்த கை, அந்த இடத்தில் நின்றுவிட்டது. அது போக, சாமியார் ஒவ்வொரு தேதியையும் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்கிறவர்.

அப்போதுதான் அவருக்கு ஒரு யோசனை வந்தது. சாமியாருக்குப் படி தெரியும், முறை தெரியாது. அருளாயி மகன் என்று எழுதிக் கொடுத்தால் அவருக்கு அது இன்னொரு பெயர், அவ்வளவுதான். உண்மையை எழுதின மாதிரியும் ஆச்சு, ஊருக்குத் தெரியாத மாதிரியும் ஆச்சு. தாத்தா வளர்த்த முறையே முறை என்று இத்தனை வருஷம் இருந்தது, இனியும் இருந்துவிட்டுப் போகட்டும். சாமியார் வெள்ளைக்காரராக இருப்பதே நமக்குக் காவல் என்று நினைத்தார். முதல் காகிதத்தை அடுப்பில் போட்டுவிட்டு உண்மைக் கொடியை எழுதினார்.

வெள்ளிக்கிழமை சாமியார் அதை வாங்கி ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். இன்னொரு தரம் எண்ணினார். முகம் மலர்ந்துவிட்டது.

"உபதேசியாரே, இது நாலாம் படி அல்லவா. மேற்றிராணியாருக்கு எழுத வேண்டிய அவசியமே இல்லை. தடையே இல்லை. நீர் அதிர்ஷ்டக்காரர்."

"சரி சாமி. அப்ப இது... நம்மளுக்குள்ள இருந்துட்டுப் போகட்டும் சாமி. வெளிய சொல்ல வேணாம்."

"ஏன்?"

இருதயம் வாயைத் திறந்தார். ஏன் என்று சொன்னால் அதுவே தடை ஆகிவிடும். சொல்லாவிட்டால் கேட்டதற்குக் காரணம் இல்லை. "பெரியவுக மறைச்ச விசயம் சாமி," என்று மட்டும் சொன்னார்.

"இதில் மறைக்க என்ன இருக்கிறது? பஞ்சத்தில் அநாதைப் பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்த்தார். இது பாவமா? புண்ணியம் அல்லவா?"

சாமியார் கோயில் தோட்டத்துப் பந்தலில் பழுத்த திராட்சையில் ஒரு கொத்தை எடுத்து, மகளுக்குக் கொடும் என்று கையில் வைத்தார்.

இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறு கோயில் நிறைய ஜனம். ஈரச்சேலை வாடையும் சாம்பிராணி வாடையுமாக இருந்தது. ஆண்கள் பக்கம் பாக்கியத்தின் புருஷன் பங்கிராஸும் துரையும் தூண் ஓரம் நின்றார்கள். பெண்கள் பக்கம் பாக்கியம் இருதயத்தின் மனைவி சவரியம்மாளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருந்தாள். செல்வி இருவருக்கும் பின்னால். சாமியார் ஓலையை வாசித்தார். பிறகு காகிதத்தை மடித்துவிட்டுச் சிரித்த முகமாகப் பேசினார்.

"போன வாரம் இவர்கள் மூன்றாம் படி உறவு என்று சொன்னேன். அது பிழை. பெண்ணின் தாத்தா சந்தியாகுவும் பையனின் தாத்தா ராயப்பனும் அண்ணன் தம்பிகள் அல்ல. ராயப்பன், மிக்கேல் என்பவருடைய தங்கை மகன். பஞ்சத்தில் தாய் தகப்பனை இழந்த அவரை மிக்கேல் மகனாக வளர்த்தார். நல்ல கிறிஸ்தவருடைய தருமம். ஆகையால் இவர்கள் நாலாம் படி. தடை ஏதும் இல்லை."

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பெண்கள் பக்கம் ஒவ்வொரு தலையாக நிமிர்ந்தது. கையில் செபமாலை வைத்திருந்தவர்கள் செபத்தை விட்டுவிட்டு முறையை எண்ணினார்கள். தங்கை மகன், அப்ப மச்சான். மச்சான் மகள். உதடுகள் அசைவது பீடத்தோரம் நின்ற இருதயத்துக்குத் தெரிந்தது. எண்ணி முடித்த ஒவ்வொருத்தியும் திரும்பிச் செல்வியைப் பார்த்தாள். பாக்கியம்தான் கடைசியாக எண்ணி முடித்தாள். சவரியம்மாளின் தோளில் இடித்துக்கொண்டிருந்த தன் தோளைக் கொஞ்சம் போல நகர்த்தினாள்.

அந்த வாரம் முழுக்க மழை. களத்தில் மூடிவைத்த கதிர் அடியிலிருந்து சூடேறத் தொடங்கியது. வீட்டுக்குள் கொண்டுவந்து விரித்து, கதவை அடைத்து, அடுப்பில் நெருப்பு மூட்டி உலர்த்தினார்கள். நெல் முளைவிட்ட வாடை வீடு முழுக்க.

"வளத்தவுகதான் அப்பன்," என்றாள் சவரியம்மாள், கதிரைப் புரட்டிப்போட்டபடி. "பெத்தா மட்டும் ஆச்சா? உங்க தாத்தா மகன்னு சொன்னாக, மகன்தான். நீங்க எதுக்குப் புத்தகத்தக் கிண்டினீக?"

"சாமியார் தேதி கேட்டாரு."

"தேதி தெரியலன்னு சொல்லிட்டாத் தீந்துச்சு. ஊருல எத்தன பேருக்குத் தேதி தெரியும்? எனக்குத் தெரியுமா நான் எப்பப் பொறந்தேன்னு? உங்களுக்குப் படிக்கத் தெரியும்கிறத ஊருக்குக் காட்டணும்."

அவள் சொன்னதில் தப்பில்லை.

புதன்கிழமை மழை விட்டு வெறித்த நேரத்தில் பங்கிராஸும் துரையும் வந்தார்கள். இடுப்பளவு தண்ணீரில் வந்திருந்தார்கள். உட்காரச் சொல்லியும் பங்கிராஸ் உட்காரவில்லை.

"பெட்டியில இருந்த கடுதாசியப் பாக்கியம் துரைய விட்டுப் படிக்கச் சொன்னா," என்றார். "முழுசும் படிச்சான். அவ ஒங்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னா. எதுக்க உக்காந்து கேட்டேன்ல, அப்பவே எம்மூஞ்சியப் பாத்துச் சொல்லியிருக்கலாம்லன்னு."

"சொல்லியிருக்கலாம் மச்சான். சொல்ல வாய் வரல."

"எங்கிட்டச் சொல்லியிருந்தா ரெண்டு வீட்டோட போயிருக்கும். இப்பக் கோயில்ல ஊரு முச்சூடும் கேட்டுப்போச்சு. கேட்டத ஊரு மறக்குமா?"

"வளத்தவர் முறைதானே முறைன்னு இவளும் சொல்றா."

"எனக்கும் அப்பிடிச் சொல்ல ஆசைதான். நீ அண்ணனா நின்னு எனக்குப் பொண்ணு குடுத்த, என் மகனுக்குத் தாய்மாமனா நின்ன. ஆனா நாளைக்கு எம்பேத்திக்கு மாப்பிள்ள கேட்டுப் போறேன்னு வச்சுக்க. அண்ணனும் தங்கச்சியும் கட்டிப் பெத்த பிள்ளையான்னு ஒருத்தன் கேட்டா நான் எங்கிட்டு மூஞ்சிய வச்சுக்கிறது? அந்தப் பிள்ள என்ன செய்யும்?"

துரை அதுவரை தலைமுடித் தண்ணீரைக்கூடத் துடைக்காமல் நின்றான். "சாமியாரே தடையில்லன்னுட்டாரு மாமா," என்றான். "மேற்றிராணியார் உத்தரவே வேணாங்கிறாரு. நீங்க சரின்னு ஒரு வார்த்த சொன்னா, மலைக்குப் போயிப் பொழச்சுக்கிருவோம். அங்கன யாரு முறை கேக்கப் போறா?"

"மாமான்னு கூப்பிடாதடா," என்றார் பங்கிராஸ் தணிந்த குரலில்.

"பின்ன எப்பிடிக் கூப்பிட?"

புது முறைப்படி பெரியப்பா என்று கூப்பிட வேண்டும். இருதயம் அந்தப் பையனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மடியை நனைத்தவன். சரி என்று சொல்ல ஒரு சொல் போதும். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பிறகு இந்த ஊரில் ஞானோபதேசம் சொல்ல முடியாது, பாக்கியமும் அந்த வீட்டில் இருக்க முடியாது, பிறக்கிற பிள்ளைக்கு ஒரு வாசலும் திறக்காது. இல்லை என்று சொல்லவும் இவன் நிற்கிற நிலை விடவில்லை. அவர் குனிந்து, காலடியில் கிடந்த கதிரைப் புரட்டிப்போட்டார். அவர்கள் போனார்கள். ஒரு வாய் கூழ்கூடக் குடிக்கவில்லை.

அடுப்படியில் புகைக்குள் இருந்து செல்வி வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. புகையில் சிவந்ததா என்று கேட்க அவருக்குத் தைரியம் இல்லை.

"ஐயா, அவுகள அண்ணன்னு சொல்ல எனக்கு வாய் வராது," என்றாள். "அத்தானுன்னும் இனி வராது. நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். நெல்லு கருகுது பாருங்க, தள்ளிப் போடுங்க."

சனிக்கிழமை சாமியாரிடம் போய் ஓலையை நிறுத்தச் சொன்னார்.

"பெண் வேண்டாம் என்கிறாளா?"

"இல்ல சாமி."

"பையன்?"

"அவனும் இல்ல சாமி. முறை இல்ல. எங்க வழக்கத்துல ரெண்டும் அண்ணன் தங்கச்சி ஆயிருச்சு."

சாமியார் கொடியை எடுத்து மறுபடியும் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். மனுஷர் உண்மையாகவே கஷ்டப்பட்டுப் புரிந்துகொள்ளப் பார்த்தார். "போன வாரம் நெருங்கிய உறவாக இருந்தபோது கல்யாணம் செய்யலாம் என்றீர்கள். இப்போது தூரத்து உறவானதும் கூடாது என்கிறீர்கள். உபதேசியாரே, ஊர்ப்பேச்சுக்குப் பயந்து இரண்டு பிள்ளைகளைப் பிரிக்க நான் உடந்தையாக மாட்டேன். நாளைக்கு ஓலை வாசிப்பேன். தடை என்று ஒருவர் சொல்லட்டும், கேட்கிறேன்."

மூன்றாம் ஓலை வாசித்த ஞாயிறும் மழைதான். கூரை ஓட்டில் தண்ணீர் விழுகிற சத்தத்தில் சாமியார் குரலை உயர்த்தி வாசித்தார். தடை அறிந்தவர்கள் சொல்லக் கடவார்கள். நிறுத்திவிட்டு ஜனத்தைப் பார்த்தார். எல்லோரும் இருதயத்தைப் பார்த்தார்கள். இருதயம் கையில் செபப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பீடத்தோரம் நின்றார். ஓலைக்குப் பிறகு அடுத்த செபத்தை அவர்தான் தொடங்க வேண்டும். தடை என்று சொல்லக் கோயில் சட்டத்தில் இடம் இல்லை. தடை இல்லை என்று சொல்ல ஊர் முறையில் இடம் இல்லை.

பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் பாக்கியம் எழுந்து நின்றாள். அவள் வந்திருப்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும். அந்த வெள்ளத்தில் எப்படி ஆற்றைக் கடந்தாளோ, இடுப்புவரை சேலை செம்மண்ணாக இருந்தது.

"சாமி, தடை இருக்கு," என்றாள்.

"சொல்லும் அம்மா."

இருதயத்தை ஒரு தரம் பார்த்தாள். "எங்கண்ணன் எனக்கு அண்ணன் இல்லைங்க சாமி. அதான் தடை."

சாமியார் அவளைப் பார்த்து, பிள்ளைக்குச் சொல்வதுபோல அன்பாகச் சொன்னார். "அதனால்தான் அம்மா, தடை இல்லை என்கிறேன்."

பாக்கியம் வேறு எப்படிச் சொல்வது என்று யோசித்தவள் மாதிரி நின்றாள். பிறகு முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். அந்நிய ஆண்பிள்ளைக்கு முன்னால் பெண்கள் மூடுகிற மாதிரி மூடிக்கொண்டு, இருதயம் நின்ற பக்கம் பார்க்காமல் வாசலுக்கு நடந்தாள். வெளியே மழை அடித்துக்கொண்டிருந்தது. ஆற்றில் தண்ணீர் இன்னும் ஏறியிருக்கும்.

இந்த மழையில் அவளைத் தனியாக விடக்கூடாது என்று இருதயம் பீடத்தை விட்டு இரண்டு எட்டு வைத்தார். கிட்டத்தட்ட நாற்பது வருஷமாக அவளைக் கூப்பிட்டு நிறுத்தியிருக்கிறார், களத்திலும் ஆற்றிலும் கல்யாணக் கூட்டத்திலும். இப்போதும் கூப்பிட வாயைத் திறந்தார். அவளை என்னவென்று கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.